யாரும் எடுக்காத அழைப்பு எங்கே போகட்டும்? ஆபீஸ் வாய்ஸ்மெயிலுக்கு மூன்று வழிகள்

மதுரை விளக்குத்தூண் பக்கம் எங்கள் ஜவுளி மொத்த வியாபார ஆபீஸில் எட்டு எக்ஸ்டென்ஷன், அதாவது உள் போன்கள். ஆஸ்டெரிஸ்க் மேல் ஓடும் ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற ஆபீஸ் போன் இணைப்பக மென்பொருளைப் போட்டு, மூன்று விதமாகவும் ஓட்டிப் பார்த்துவிட்டோம்.

முதலில் ஆளுக்கொரு வாய்ஸ்மெயில் பெட்டி வைத்தோம், அழைத்தவர் சொல்வது அதில் பதிவாகும். எக்ஸ்டென்ஷனில் வாய்ஸ்மெயிலை இயக்கி ஒரு ரகசிய எண் கொடுத்தால் வேலை முடிந்தது. கணக்குப் பார்ப்பவருக்கு இது போதும், அவரைத் தேடுபவர்கள் அவரிடம்தான் பேச வேண்டும். விற்பனைக்கு மட்டும் வைக்காதீர்கள். எங்கள் பையன் ஒருவர் லீவில் போனபோது, உசிலம்பட்டிக் கடைக்காரர் சொன்ன தீபாவளி ஆர்டர் அவர் பெட்டியிலேயே நான்கு நாள் கிடந்தது. கடைக்காரர் கோபப்படவில்லை, வேறு இடத்தில் வாங்கிவிட்டார். இன்றும் எனக்கு அது உறுத்தல்தான்.

அடுத்தது ரிங் குரூப், அதன் கடைசியில் ஒரு பொதுப் பெட்டி. விற்பனை மேசை நான்கும் சேர்ந்து அடிக்கும், யாரும் எடுக்காவிட்டால் பதிவு பொதுப் பெட்டியில் விழும். என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் போன் அடிக்கும் நேரத்தைக் கவனித்து வையுங்கள். நம் நாட்டு ரிங் ஒரு சுற்றுக்கு 3 வினாடி. 20 வினாடி வைத்தால் அழைப்பவர் ஆறேழு முறை கேட்பார். நாங்கள் 40 வைத்தபோது பாதிப் பேர் பெட்டி வருவதற்குள் வைத்துவிட்டார்கள்.

அப்புறம், குரூப்பில் மேனேஜரின் மொபைலையும் சேர்ப்பதாக இருந்தால் ஜாக்கிரதை. அந்த மொபைலில் ஏதாவது தானியங்கிப் பதில் எடுத்துவிட்டால், ஆள் எடுத்துவிட்டதாக நினைத்து சிஸ்டம் மற்ற போன்களை நிறுத்திவிடும். நம் பெட்டிக்கு எதுவும் வராது. அழைப்பை ஏற்க 1 அழுத்தச் சொல்லும் 'கன்ஃபர்ம் கால்ஸ்' வசதியைப் போட்டுவிடுங்கள். பதிவு மின்னஞ்சலிலும் வரும். சாதாரண வேவ் ஒலிக்கோப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி, அதன் சுருக்கிய வடிவமான வேவ்49 அதில் பத்தில் ஒரு பங்குதான்.

மூன்றாவது, முதலாளி மொபைலுக்கே திருப்பிவிடுவது. அழைப்பு தவறாது, சரி. ஆனால் அவர் வண்டி ஓட்டும்போதும் தூங்கும்போதும் அடிக்கும், கேட்டதை எழுதிவைக்க ஆள் இருக்காது. இரவில் சரக்கு இறக்க வரும் லாரி டிரைவருக்கு மட்டும் இதை வைத்திருக்கிறோம்.

எந்த வழியானாலும் வரவேற்புக் குரலை மாற்றாமல் விடாதீர்கள். ஆங்கிலம் கேட்டதும் நம் பக்கத்து ஆட்கள் "ஹலோ, ஹலோ" என்று இரண்டு தடவை சொல்லி வைத்துவிடுகிறார்கள். தினமும் பேசும் விற்பனையாளரே "அண்ணே, பேரு, ஊரு, என்ன சரக்குன்னு சொல்லிட்டு வைங்க, காலைல நாங்களே கூப்பிடுறோம்" என்று பதிந்த பிறகுதான் முழுசாகப் பேச ஆரம்பித்தார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்குத் தனிக் குரல், அன்று போன் அடிக்காமல் நேராகப் பெட்டிக்கே போகும்.

காலையில் ஷட்டரைத் தூக்குபவர்தான் பெட்டியைக் கேட்டு நோட்டில் எழுதுகிறார். பத்தரைக்குள் எல்லோருக்கும் திருப்பிப் பேசிவிடுகிறோம்.