ஐந்து வருடமாக ஒரே ஆம்ப்: திருவிழா மேடையும் ராத்திரி ரெக்கார்டிங்கும்

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில். கடல் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொயர், முகூர்த்த மாதங்களில் கல்யாண ரிசப்ஷன், அவ்வப்போது குளச்சல், முட்டம் பக்கத்துத் திருவிழா மேடை என்று கிட்டார் வாசிக்கிறேன். ராத்திரி பத்தரைக்கு மேல் வீடு அடங்கிய பிறகு, மார்த்தாண்டத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பனுக்கு கிட்டார் டிராக் எடுத்து அனுப்புவேன். இந்த இரண்டு வேலைக்கும் 2020 டிசம்பரிலிருந்து ஒரே ஆம்ப்தான் (கிட்டார் ஒலியைப் பெருக்கித் தரும் ஸ்பீக்கர் பெட்டி): பாஸ் (Boss) கம்பெனியின் கட்டானா 50, எம்கே 2, அதாவது இரண்டாம் தலைமுறை. எந்த ஆம்ப் வாங்கலாம் என்று தம்பிமார் நிறையப் பேர் கேட்கிறார்கள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதிவிடுகிறேன்.

இதற்கு முன் என்னிடம் 15 வாட் வால்வு ஆம்ப் இருந்தது, பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வில் ஓடுவது. திருவனந்தபுரத்தில் பழையதாக வாங்கியது. அதன் டோன் அருமை, அதில் இன்றைக்கும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த டோன் வெளியே வர, பவர் வால்வு கொஞ்சம் முக்கி உழைக்க வேண்டும். 15 வாட் வால்வை முக்கவிட்டால் தெருவே எழுந்து உட்கார்ந்துவிடும். வீட்டில் வால்யூமை ஒன்றுக்கு மேல் திருப்ப முடியாது. ஒன்றில் அது வெறும் மெல்லிய, சவசவ சத்தம். வாங்கிய இரண்டு வருடத்தில் அதன் உண்மையான குரலை நான் ஐந்தாறு தடவைதான் கேட்டிருப்பேன். வால்வு போனால் இங்கே கடையில் கிடைக்காது, தபாலில் வரவழைக்க வேண்டும். மனசில்லாமல்தான் விற்றேன்.

அப்போதுதான் புரிந்தது, நான் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை வாட்?" இல்லை. "எவ்வளவு குறைத்தாலும் குரல் கெடாமல் இருக்கும்?" என்பதுதான்.

வாட் கணக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலரும் இதில்தான் பணத்தை விடுகிறார்கள். 50 வாட் ஆம்ப் 25 வாட்டைவிட இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்காது. பவர் இரட்டிப்பானால் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரிய 10 டெசிபெல் வேண்டும், அதற்குப் பவர் பத்து மடங்காக வேண்டும். இந்த ஆம்பின் மேல்பக்கத்தில் 50, 25, 0.5 என்று பவர் ஸ்விட்ச் இருக்கிறது. 50-லிருந்து 0.5-க்கு இறக்கினால் 20 டெசிபெல் குறையும். காதுக்கு அது கால்வாசி மாதிரி. அதாவது அரை வாட் என்பதும் கிசுகிசுப்பு இல்லை. மாஸ்டரை (மொத்தச் சத்தத்துக்கான கடைசிக் குமிழ்) முழுக்கத் திறந்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். ஆனால் கெயினும் (குரலின் கரகரப்பைக் கூட்டுகிற குமிழ்) வால்யூமும் நல்ல இடத்தில் நிற்க, மாஸ்டரை மட்டும் குறைத்து, பக்கத்து அறையில் பேசுகிற அளவுக்குக் கொண்டுவர முடிகிறது. குரலும் சாகவில்லை. நான் இதை வாங்கியதே அந்த ஒரு ஸ்விட்சுக்காகத்தான்.

முதல் கல்யாணம் திங்கள்நகரில் ஒரு மண்டபம். வீட்டில் நாலு ராத்திரி உட்கார்ந்து செதுக்கிய டோனை மெமரியில் சேமித்துக்கொண்டு போனேன். இரண்டாவது பாட்டிலேயே மைக்செட் தம்பி ஓடி வந்தான்.

"அண்ணே, கிட்டாரு ஒரே முழக்கமா இருக்கு. பாடுற ஆளுக்க சத்தமே கேக்கல்ல."

அவன் சொன்னது முழுக்க சரி. பேஸ் மண்டபத்தையே குலுக்கியது, டிரெபிள் காதைக் குத்தியது. ஆம்பின் மேல் தவறே இல்லை. குறைந்த சத்தத்தில் நம் காதுக்குக் கீழ்ஸ்தாயியும் உச்சஸ்தாயியும் மட்டாகத்தான் கேட்கும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து வரைபடம் போட்டுவிட்டார்கள். வீட்டில் அந்தக் குறையை ஈடுகட்ட நாம் பேஸையும் டிரெபிளையும் ஏற்றிவிடுகிறோம். மேடைச் சத்தத்தில் காது எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்கும்போது, ஏற்றிவைத்தது அத்தனையும் மிகையாக நிற்கிறது.

அன்றைக்கு ராத்திரியே வீட்டுக்காரியின் நெயில் பாலிஷை எடுத்து ஒவ்வொரு குமிழிலும் இரண்டு புள்ளி வைத்தேன். சிவப்பு வீட்டுக்கு, வெள்ளை மண்டபத்துக்கு. கடிகார முள் கணக்கில் சொன்னால், வீட்டில் பேஸ் ஒரு மணி, மிடில் பன்னிரண்டு, டிரெபிள் ஒரு மணி. மண்டபத்தில் பேஸ் பத்து மணி, மிடில் இரண்டு, டிரெபிள் பதினொன்று. கீபோர்டும் ரிதம் பேடும் சேர்ந்து வாசிக்கும்போது கிட்டாருக்கென்று மிஞ்சுகிற இடம் மிடில்தான். தனியாகக் கேட்டால் மூக்கால் பாடுகிற மாதிரி இருக்கும். கூட்டத்தில் அதுதான் துலங்கும். ஐந்து வருடத்தில் அந்தப் புள்ளிகளை நான் நகர்த்தியதே இல்லை.

எடை 11 கிலோ சொச்சம். ஸ்கூட்டரின் முன்பக்கப் பலகையில் பழைய பெட்ஷீட் மடித்து வைத்து, அதன்மேல் ஆம்பை நிறுத்தி, இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு, கிட்டாரை முதுகில் மாட்டினால் நாகர்கோவில் வரைக்கும் போய்வரலாம். கார் இல்லாதவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மேடையில் 25 வாட்டுக்கு மேல் நான் போனதில்லை. ஆம்பின் வேலை எனக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்பது. கூட்டத்துக்குக் கேட்க வைப்பது மைக்செட்டின் வேலை. ஆம்பைத் தரையில் வைத்தால் சத்தம் முழங்காலுக்குப் போகும், தரையோடு சேர்ந்து பேஸும் கூடும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏற்றிக் கொஞ்சம் பின்னால் சாய்த்து வையுங்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு டைனமிக் மைக் (தனியாகக் கரண்ட் கொடுக்க வேண்டாத மைக்). 1965-லிருந்து உலகம் முழுக்க இதற்கென்று ஓடிக்கொண்டிருப்பது ஷூர் எஸ்எம்57. அது இல்லாவிட்டால் பாடுகிற டைனமிக் மைக்கே போதும். ஸ்பீக்கரின் கூம்புக்கு நட்ட நடுவில் வைத்தால் கூர்மையாக இருக்கும், இரண்டு விரல் வெளியே நகர்த்தினால் பதமாகிவிடும். பின்னால் இருக்கும் ஹெட்போன்-ரெக்கார்டிங் ஜாக்கிலிருந்து நேராக மைக்செட்டின் மிக்ஸருக்கும் கொடுக்கலாம். ஆனால் அதில் ஜாக்கைச் செருகினால் ஸ்பீக்கர் அடங்கிவிடும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். மேடையில் உங்களுக்கென்று மானிட்டர் (வாசிப்பவருக்குக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) இல்லையென்றால் மைக்தான் வழி.

இன்னொன்று, இதைக் கட்டாயம் படியுங்கள். ஒரு திருவிழா மேடையில், ஆம்புக்குக் கரண்ட் ஒரு பக்கமிருந்தும் மைக்செட்டுக்கு ஜெனரேட்டரிலிருந்தும் வந்தது. கிட்டார் கம்பியில் கை வைத்துக்கொண்டே கோரஸ் பாட மைக் பக்கம் போனேன். உதட்டில் சுருக்கென்று அடித்தது. ஒரு நிமிடம் கை நடுங்கியது நிற்கவில்லை. எர்த் சரியாக இல்லாத இடத்தில் கிட்டார் கம்பிக்கும் மைக்குக்கும் நடுவே நம் உடம்புதான் ஒயராகிறது. ஆள் சாகக்கூடிய விஷயம் இது. அதன்பிறகு மிக்ஸர் எடுக்கும் அதே போர்டிலிருந்துதான் ஆம்புக்கும் எடுப்பேன், மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை யாரையும் ஒடிக்க விடமாட்டேன். வாசிக்கும் முன் டெஸ்டரை மைக் தலையிலும் கம்பியிலும் வைத்துப் பார்ப்பேன். டெஸ்டர் எரிந்தால் எலக்ட்ரீஷியன் வந்து பார்க்காமல் கிட்டாரைத் தொடமாட்டேன். எரியவில்லை என்பதற்காக முழுக்க நம்பிவிடவும் மாட்டேன்.

ரெக்கார்டிங்குக்கு வருகிறேன். ஆனி, ஆடி மாதத்தில் எங்கள் ஷீட் கூரையில் மழை விழுந்தால் மைக் வைத்து எதையும் எடுக்க முடியாது. ஐப்பசியில் திரும்பவும் அதே கதை. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. யுஎஸ்பி கேபிளை லேப்டாப்பில் செருகி, ஆம்பின் ஒலியை நேராகப் பதிவு செய்வது எனக்கு ஆடம்பரமாக இல்லாமல் பிழைப்பாகிவிட்டது அதனால்தான். டிரைவர் ஒருமுறை நிறுவினால் போதும், தனியாக இன்டர்ஃபேஸ் (கிட்டாரை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) தேவையில்லை. ஸ்பீக்கர் பெட்டி, மைக் எல்லாம் இருப்பது போன்ற ஒலிச்சாயலோடு டிராக் வரும். என் அம்மா அடுத்த அறையில்தான் படுப்பாள். முன்பெல்லாம் "பிள்ள ஒறங்குது மக்களே, நிறுத்துல" என்று குரல் வரும். இப்போது ஹெட்போனில் வாசிக்கும்போது வெளியே கேட்பது மீட்டுகிற பிக் கம்பியில் படுகிற டிக் டிக் மட்டும்தான்.

இந்த ஆம்பில் ஐந்து குரல்கள் உண்டு. கிளீன் குரலில் கொஞ்சம் கோரஸ் (பல கிட்டார் சேர்ந்த மாதிரியான எஃபெக்ட்), கொஞ்சம் ரிவெர்ப் (எதிரொலி). பக்திப் பாடல்களுக்கு என் டிராக்குகளில் முக்கால்வாசி இதுதான். அகூஸ்டிக் என்ற குரலில் கொயருக்கான பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும் பாகம்) வைத்த மரக் கிட்டாரை வாசிக்கிறேன். கொஞ்சம் கரகரப்பான கிரஞ்சு மேடைக்கு. இன்னும் கரகரப்பான லீடும் பிரவுனும் எனக்கு அபூர்வம்.

ராத்திரி ரெக்கார்டிங்கில் என்னை அதிகம் படுத்தியது இரைச்சல். ஆம்பில் பழுது என்று ஒரு வாரம் தேடினேன். கடைசியில் பார்த்தால் காரணம் ஃபேன் ரெகுலேட்டர். குமிழைத் திருகுகிற பழைய எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் கரண்ட் அலையை வெட்டி வெட்டி அனுப்பும், அந்த வெட்டு கிட்டாரில் 'ஜ்ஜ்' என்று கேட்கும். ஃபேனை நிறுத்தினேன், நின்றது. வடசேரியில் ஒரு கடையில் ஸ்டெப் ரெகுலேட்டர் வாங்கி மாட்டினேன், பிரச்சினை முடிந்தது. சிங்கிள் காயில் பிக்கப்பின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் வேறு. அதை எந்த ஆம்பும் தீர்க்காது. நாற்காலியோடு மெல்லத் திரும்பிப் பாருங்கள், ஏதோ ஒரு திசையில் சட்டென்று அடங்கும். என் அறையில் அது வடகிழக்கு. அங்கேயே நாற்காலியைப் போட்டுவிட்டேன்.

கடற்காற்றுக்கு இரும்பு எதுவும் தாங்காது. மூன்றாம் வருடம் மூலை ஸ்க்ரூக்கள் துருப்பிடித்தன, வால்யூம் குமிழ் கரகரத்தது. ஆம்பை அணைத்து, பிளக்கையும் உருவிவிட்டு, கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு, இருபது தடவை முன்னும் பின்னும் திருகினேன், சரியானது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஜாக்குகளுக்கும் அதையே செய்கிறேன். வாசிக்காத நாளில் பருத்தித் துணி போர்த்தி வைக்கிறேன். பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே ஈரம் தங்கும்.

வீட்டை விட்டு வெளியே வாசிக்கவே போவதில்லை என்றால் இது உங்களுக்குப் பெரிது. யமஹா டிஎச்ஆர் மாதிரி மேசை ஆம்ப் போதும், குறைந்த சத்தத்துக்கென்றே செய்தது. மரக் கிட்டார் மட்டும் வாசிப்பவர் அகூஸ்டிக் ஆம்ப் பக்கம் போகலாம். 2024-ல் கட்டானாவின் மூன்றாம் தலைமுறை வந்துவிட்டது, புஷ்ட் என்று ஆறாவது குரல் சேர்ந்திருக்கிறது. விலை இறங்கிய எம்கே 2 நல்ல நிலையில் கிடைத்தால் நான் அதையே எடுக்கச் சொல்வேன். கடைக்குப் போகும்போது உங்கள் கிட்டாரும் உங்கள் கேபிளும் கையில் இருக்கட்டும். கடைக்காரர் சத்தத்தை ஏற்றிக் காட்டுவார். நீங்கள் இறக்கச் சொல்லுங்கள், வீட்டில் பிள்ளை தூங்குகிற அளவுக்கு இறக்கி, அந்தச் சத்தத்தில் பத்து நிமிடம் வாசித்துப் பாருங்கள்.