ரேனாக்ஸ் டிசிஆர்-250: பின்னால் எந்த லென்ஸ் இருக்கிறது?

பூச்சி, சிலந்தி படமெடுக்க ஆசைப்பட்டு மேக்ரோ லென்சின் விலையைப் பார்த்துப் பின்வாங்கியவர்களுக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்ற இந்தக் குட்டிச் சாமான்தான். ஜப்பானியத் தயாரிப்பு. கையில் ஏற்கெனவே இருக்கும் லென்சின் முகத்தில் மாட்டும் பூதக்கண்ணாடி என்று சொன்னால் தவறில்லை. திறன் 8 டயாப்டர் (மூக்குக் கண்ணாடியின் பவரைச் சொல்லும் அதே அலகு). +1, +2, +4, +10 என்று நான்கு கண்ணாடி சேர்த்து மலிவாக விற்கிறார்களே, அந்த செட்டோடு இதைச் சேர்த்துப் பேசக் கூடாது. அவை ஒற்றைக் கண்ணாடிகள். ஓரமெல்லாம் ஊதாக் கோடு விழும். இது நிறப்பிசகைத் திருத்தப் பல கண்ணாடிகளைச் சேர்த்துச் செய்த அக்ரோமாட்.

விளம்பரத்தில் வரும் '2.5 மடங்கு' என்ற எண்ணை மறந்துவிடுவது நல்லது. உருப்பெருக்கம் இதன் கையில் இல்லை, பின்னால் இருக்கும் லென்சின் கையில் இருக்கிறது. 8 டயாப்டர் என்றால் குவியத்தூரம் 125 மி.மீ. உங்கள் லென்சின் ஃபோகஸை முடிவிலிக்கு (மிகத் தொலைவுக்கு) வைத்து, அதன் குவியத்தூரத்தை 125-ஆல் வகுத்தால் கணக்கு முடிந்தது. 50 மி.மீ. லென்சில் 0.4 மடங்கு. 100-ல் 0.8. 200-ல் 1.6. 250-ல் சரியாக இரண்டு மடங்கு. ஏபிஎஸ்-சி (சுமார் 22-24 மி.மீ. அகலம்) சென்சாரில் இரண்டு மடங்கு என்றால் சட்டத்தின் அகலம் 11, 12 மி.மீ.தான், ஒரு முசிறு எறும்பு தலை முதல் வால் வரை நிரப்பிவிடும். எனவே இதற்கு உகந்த ஜோடி 55-250, 55-200, 70-300 போன்ற, தொலைவை இழுத்துக் காட்டும் சாதாரண டெலி ஜூம்கள். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்சில் மாட்டிவிட்டு 'ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லையே' என்று திட்டுபவர்கள் கண்ணாடியைத் திட்டுவதில் நியாயமில்லை. அகலக் கோணத்துக்கு ஜூமைக் குறைத்தால் நான்கு மூலையும் கறுக்கும், அதுவும் இயல்பு.

கூடவே வரும் கிளிப் அடாப்டர் 52 முதல் 67 மி.மீ. வரையிலான ஃபில்டர் மரைகளில் உட்காரும். இரண்டு பக்கத்துக் காதுகளை அழுத்தி மாட்டுவது, அழுத்திக் கழற்றுவது. வண்ணத்துப்பூச்சிக்குக் கழற்றி, சிலந்திக்கு மாட்டி என்று மாறிமாறி எடுப்பவர்களுக்கு இந்த வேகம் வரப்பிரசாதம். ஆனால் பிடிப்பு ஸ்பிரிங்கை நம்பியது. புதருக்குள் நுழையும்போது ஒரு கிளை காதில் பட்டால் கழன்று விழும். நிரந்தரமாக வைத்திருப்பவர்கள் கிளிப்பைத் தூக்கி வைத்துவிட்டு ஸ்டெப்-டவுன் ரிங் (பெரிய மரையில் சிறிய மரையை மாட்ட உதவும் வளையம்) வாங்குவது மேல்: கண்ணாடியின் பின்மரை 43 மி.மீ., உங்கள் லென்ஸ் 58 என்றால் கேட்க வேண்டியது 58-43. மாற்றி 43-58 வாங்கி வந்தால் மாட்டாது. கடைகளில் அடிக்கடி நடக்கும் குழப்பம் இது.

அதிகம் பேசப்படாத ஒரு பலம் இதற்கு உண்டு: வெளிச்சம் குறையாது. தனி மேக்ரோ லென்சில் 1:1-க்கு (பூச்சி சென்சாரில் அதன் நிஜ அளவிலேயே விழும் நிலை) போனால் எஃப் 11 என்று வைத்தது (எஃப் எண் ஏற ஏற லென்சின் துளை சிறுக்கும்) செயலில் எஃப் 22 ஆகிவிடும். டிசிஆர்-250-ல் பின் லென்ஸ் முடிவிலியில் இருப்பதால் எஃப் 11 எஃப் 11-ஆகவே இருக்கும். இதற்கு இன்னொரு முகமும் உண்டு. அதே எண்ணில் கூர்மை விழும் ஆழமும் குறைவு. 200 மி.மீ.-ல், 1.6 மடங்கில், எஃப் 11-க்கு ஆழம் சுமார் 0.17 மி.மீ.; எஃப் 16-க்கு கால் மி.மீ. மேக்ரோ லென்ஸ்காரர்கள் 'எஃப் 11-ஐத் தாண்டாதே, படம் மழுங்கும்' என்று சொல்லும் அறிவுரை இங்கே அப்படியே பொருந்தாது. எஃப் 16 வரை தாராளமாகப் போகலாம். எஃப் 5.6-ல் திறந்து எடுத்தால்தான் ஓரங்கள் குழைந்து நிறக்கோடும் தெரியும்.

ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும் என்று சொல்வார்கள். செய்யும், பயன்படாது. மேனுவலுக்கு மாற்றி, வளையத்தை முடிவிலியில் விட்டு, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பூச்சியின் கண் கூர்மையாகும் நொடியில் அழுத்துவதே வழி. பூச்சி உட்கார்ந்திருக்கும் காம்பை இடது கை விரல்களால் பிடித்து, அதே கையின் மேல் லென்சைச் சாய்த்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே ஆடும். பாதிப் பிரச்சினை தீர்ந்தது. முக்காலியைவிட இது எவ்வளவோ மேல்.

உண்மையான தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது. டெலி ஜூம் 200-க்கு நீண்டதும் அதன் மூக்கு ஃப்ளாஷிலிருந்து வெகுதூரம் போய்விடும். பூச்சியோ கண்ணாடிக்கு முன்னால் 10, 12 செ.மீ.யில். கேமராவின் உள் ஃப்ளாஷைத் தூக்கினால் லென்சின் நிழல்தான் பூச்சி மேல் விழும். வெளி ஃப்ளாஷ் கட்டாயம். அதன் வெளிச்சத்தை லென்ஸ் முனைவரை கொண்டுவந்து மென்மையாகப் பரப்பும் டிஃப்யூசரும் கட்டாயம். இந்தச் செலவை விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

டிஃப்யூசருக்குக் காசு கொட்டத் தேவையில்லை. புது டிவி வரும் அட்டைப் பெட்டிக்குள் சுற்றி வைத்திருக்கும் மெல்லிய வெள்ளை ஃபோம் ஷீட் போதும். ஃப்ளாஷ் முகத்தில் ஒட்டினாற்போல் ஒரே அடுக்கு வைத்தால் நடுவில் வெள்ளைப் பொட்டு விழும். அதைத் தவிர்க்க முதல் அடுக்குக்கும் இரண்டாவதற்கும் இடையே நான்கைந்து செ.மீ. இடைவெளி விட வேண்டும். இரண்டாவது அடுக்கு லென்ஸ் முனையைத் தொட்டு, பூச்சியை நோக்கிச் சற்றே கவிழ்ந்திருக்க வேண்டும். சரியாக வந்ததா என்று பார்க்கக் குதிக்கும் சிலந்தியின் முன்கண்கள் இரண்டைவிட நல்ல கருவி கிடையாது. டிஃப்யூசரின் உருவம் அப்படியே அதில் தெரியும். பெரிய, ஓரம் கரைந்த வெள்ளைத் திட்டு என்றால் சரி. சின்னப் புள்ளியாகச் சுட்டால் அடுக்கைத் தள்ளி வையுங்கள். பொறிவண்டின் முதுகும் இதே உண்மையைச் சொல்லும்.

தொடக்க அமைப்பு: மேனுவல் மோட், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 200, ஷட்டர் 1/160, எஃப் 13, ஃப்ளாஷ் முழுத் திறனில் 1/8. படம் இருண்டிருந்தால் ஃப்ளாஷை ஏற்றுங்கள், ஷட்டரைத் தொடாதீர்கள். 1/4-க்கு மேல் போனால் ஒளிரும் நேரம் நீண்டு உணர்கொம்பின் நடுக்கம் படத்தில் விழத் தொடங்கும், அடுத்த வெளிச்சத்துக்குக் காத்திருக்கவும் வேண்டும். அதைவிட ஐஎஸ்ஓ 400 நல்லது. பின்னணி கன்னங்கரேலென்று வந்தால் பூச்சிக்குப் பின்னால் ஓர் இலை வருமாறு கோணத்தை மாற்றினால் போதும்.

கூர்மை விழும் இடத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படம் எடுத்து ஒன்றாகச் சேர்க்கும் அடுக்குப் படக்காரர்களுக்கு ஒரு கணக்கு. எஃப் 11-ல் நகர்வு 0.1 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. சிலந்தி முகத்தின் ஒரு மி.மீ. ஆழத்துக்குப் பத்துப் படம். விடியற்காலையில் பனியோடு உறைந்து நிற்கும் பூச்சியிடம் இது கைப்பிடியிலேயே சாத்தியம். அதற்காகப் பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மயக்கும் வேலை வேண்டாம்.

தும்பி, வண்ணத்துப்பூச்சி என்றால் இது தவறான சாமான். 12 செ.மீ. வரை நெருங்க அவை விடா, விட்டாலும் சட்டத்துக்குள் அடங்கா. தம்பி டிசிஆர்-150, 4.8 டயாப்டர், சுமார் 20 செ.மீ. இடைவெளி தரும்; 250 மி.மீ.-ல் 1.2 மடங்கு. முதல் கண்ணாடியாக ஒன்றே ஒன்று வாங்குபவருக்கு 150-தான் சரி என்பது இங்கே சொல்ல வேண்டிய கசப்பு. 250 சிலந்திப் பைத்தியங்களுக்கானது.

18-55 மட்டுமே வைத்திருப்பவர்கள் இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரிவர்ஸ் ரிங் அந்த லென்சைத் திருப்பி மாட்டித் தாராளமான உருப்பெருக்கம் தரும். கேனானில் அப்பெர்ச்சரை எஃப் 11-ல் வைத்து, டெப்த் பிரிவ்யூ பொத்தானை அழுத்தியபடியே லென்சைக் கழற்றினால் துளையைச் சுருக்கும் இதழ்கள் அப்படியே நிற்கும். அதன் பிறகு திருப்பி மாட்டுங்கள்.