மௌனம் போதுமா, ஒப்புதல் வேண்டுமா?

பிரிட்டனில் நாடாளுமன்றம் தந்த அதிகாரத்தைக் கொண்டு அமைச்சர்கள் விதிகள் இயற்றுகிறார்கள். நாடாளுமன்றத்தின் பரிசீலனைக்கு வரும் விதிகளில் பெரும்பாலானவை எதிர்மறை நடைமுறையில் போகின்றன: 40 நாட்களுக்குள் ஏதேனும் ஓர் அவை ரத்து செய்யத் தீர்மானிக்காவிட்டால் விதி நிலைத்துவிடும். மக்கள் தேர்ந்தெடுக்கும் கீழவையான காமன்ஸ் அவை அப்படிக் கடைசியாக ரத்து செய்தது 1979-இல், பாரஃபின் (மண்ணெண்ணெய்) விலை குறித்த ஆணையை!

உடன்பாட்டு நடைமுறையில் வழக்கமாக இரு அவைகளும் ஒப்புதல் தர வேண்டும். அவசரம் என்றால் இந்தக் காவலும் தளர்கிறது: விதி முதலில் அமலாகி, ஒப்புதல் பின்னால் வரலாம். இங்கிலாந்தின் ஊரடங்கு விதிகள் 2020 மார்ச் 26 அன்று அமலுக்கு வந்தன. காமன்ஸ் அவை ஒப்புதல் அளித்தது மே 4 அன்றுதான். மக்களை வீட்டுக்குள் அடைத்த விதிக்கு இத்தனை தாமதமா என்று மனம் உறுத்துகிறது.

இரண்டிலுமே உறுப்பினர்களால் பொதுவாக ஒரு சொல்லைக்கூடத் திருத்த முடியாது. இருந்தாலும் உரிமையைத் தொடும் விதிக்கு உடன்பாட்டு முறையையே கேட்பேன். அங்கே அமைச்சர் எழுந்து நின்று காரணம் சொல்லியாக வேண்டும்.