படத் தட்டியா, கைவேலை மேசையா?

குழந்தைத் தொழிலாளர் வரலாற்றைக் கண்காட்சியாக வைக்க, கடலூர்ப் பள்ளி ஆசிரியர்கள் இரு கட்சியாக நிற்கிறார்கள்: படத் தட்டி மாட்டலாம் என்று ஒன்று, அந்தச் சிறுவர்கள் செய்ததுபோல் பிள்ளைகளே தீப்பெட்டி ஒட்டிப் பார்க்கும் மேசை போடலாம் என்று மற்றொன்று.

செலவு: தட்டிக்கு அச்சுக்கூலி. மேசைக்குத் தீப்பெட்டி அட்டையும் பசையும், சல்லிக் காசு.

உழைப்பு: தட்டியை மாட்டினால் முடிந்தது. மேசைக்கு ஆள் நிற்க வேண்டும், பசை வேறு கொட்டும்.

பதிவது: புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் 1908 முதல் எடுத்த அமெரிக்க ஆலைச் சிறுவர் படங்களைக்கூடப் பிள்ளைகள் நொடியில் கடந்துவிடுவார்கள். 10 நிமிடம் பெட்டி ஒட்டியவனோ, பிசுபிசுத்த விரலைச் சட்டையில் துடைத்தபடி, "இதற்கு எவ்வளவு கூலி?" என்பான். என் ஓட்டு மேசைக்கே.

ஆனால் 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டம், அதன் 2016 திருத்தம், அது குடும்பத் தொழிலுக்கு விட்ட விலக்கு ஆகியவற்றை விளக்கத் தட்டிதான் சரி. பெற்றோர் நின்று படிப்பார்கள். இரண்டிலும் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐப் பெரிதாக எழுதுங்கள்.