லிப்ரே ஆபிஸ் 25.8: அச்சகத்துக் கணினியில் மூன்று மாதம்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. எங்கள் அச்சகத்தில் இருக்கும் இரண்டு கணினிகளிலும் ஏழாம் தலைமுறை இன்டெல் செயலி. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறையில் இருந்துதான் ஏறும். நன்றாக ஓடுகிற கணினிகளைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. அதனால் ஒன்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுவிட்டு, இன்னொன்றை இப்போதைக்கு விண்டோஸ் 10-லேயே விட்டிருக்கிறேன். கடிதம் அடிக்கவும் கணக்குப் போடவும் இரண்டிலும் ஒரே ஆபிஸ் மென்பொருள் வேண்டும் என்று லிப்ரே ஆபிஸ் 25.8-ஐ இறக்கினேன். இது 2025 ஆகஸ்டில் வந்த பதிப்பு, முற்றிலும் இலவசம்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் முதல் நாளே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். இந்த மென்பொருள் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழ் போன்ற மொழிகளுக்கு வேறொரு எழுத்துரு என்று தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. பத்தி பாணியில் ஆங்கிலத்துக்கான இடத்தில் மட்டும் எழுத்துருவையும் அளவையும் மாற்றிவிட்டு, தமிழ் ஏன் அப்படியே நிற்கிறது என்று அரை நாள் தேடினேன். ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்ற பெட்டியில் டிக் போட்டு, அங்கேயே தமிழைத் தேர்ந்தெடுத்து, கடிதம் அடிக்கும் பகுதியான ரைட்டரின் அடிப்படை எழுத்துருக்களில் லதாவோ நோட்டோ சான்ஸ் தமிழோ கொடுத்துவிட்டால் அதற்கப்புறம் தொல்லை இல்லை. பாமினியில் அடித்த பழைய பத்திரிகைக் கோப்புகள் ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், அந்த எழுத்துருவைக் கணினியில் போட்டாலே தமிழ் வந்துவிடும்.

கணக்குப் பக்கம்தான் எனக்கு உண்மையான சந்தோஷம். 24.8 பதிப்பு முதலே இதன் கணக்குத் தாள் பகுதியான கால்க்கில், ஒன்றை வைத்து இன்னொன்றைத் தேடி எடுக்கும் எக்ஸ்லுக்கப் சூத்திரம் இருக்கிறது. என் ஆர்டர் பட்டியலில் வாடிக்கையாளரின் போன் நம்பர் மட்டும் இருக்கும். அதை வைத்து இன்னொரு தாளில் இருந்து பெயரையும் பாக்கித் தொகையையும் எடுக்க வேண்டும். விலுக்கப் என்ற பழைய சூத்திரத்தில் நம்பர் இடது ஓரத்தில் இருந்தே ஆக வேண்டும். நடுவில் ஒரு நெடுவரிசையைச் செருகினால் சூத்திரம் தப்பான நெடுவரிசையைப் படிக்கும். அப்படி ஒருமுறை ஒருவரிடம் அவர் தர வேண்டியதைவிட அதிகமாகக் கேட்டு, மன்னிப்புக் கேட்க வேண்டியதாகிவிட்டது. எக்ஸ்லுக்கப்புக்கு எந்த நெடுவரிசையில் தேட வேண்டும், எந்த நெடுவரிசையைத் தர வேண்டும் என்று நேராகச் சொல்லிவிடுகிறோம், நம்பர் கிடைக்காவிட்டால் ‘புது ஆள்’ என்று காட்டவும் சொல்லலாம். காசு கொடுத்து வாங்கிய எக்செல் 2019-இலேயே இந்த வசதி கிடையாது.

25.2-இல் வந்த இரட்டைப் பதிவு நீக்கும் வசதியும் நல்லது. ஆனால் ‘செந்தில்குமார்’ என்பதையும் ‘செந்தில் குமார்’ என்பதையும் அது இரண்டு ஆளாகத்தான் பார்க்கும், அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில் இருப்பவர்களுக்கு: கோப்பைத் தானாகச் சேமித்து மீட்கும் வசதி 24.2 முதல் நிறுவும்போதே இயக்கத்தில் இருக்கிறது. இடைவெளியை 3 நிமிடமாகக் குறைத்து வைத்திருக்கிறேன். போன வாரம் 120 பெயர் அடித்த பட்டியலுக்கு நடுவே கரண்ட் போனது, திரும்பத் திறந்தபோது கடைசி நாலு பெயர் மட்டும்தான் இல்லை.

எக்செல் மேக்ரோக்களை (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்களை) நம்பி வேலை செய்யும் அலுவலகம் என்றால் அவசரப்பட்டு மாற வேண்டாம், எல்லா மேக்ரோவும் இதில் ஓடாது. வேர்ட் கோப்புகளைப் பொறுத்தவரை, அனுப்பியவர் பயன்படுத்திய எழுத்துரு உங்களிடம் இல்லையென்றால் பக்கம் நகரத்தான் செய்யும். அச்சுக்குப் போகிறதை பிடிஎஃப் ஆகவே வாங்குங்கள், கொடுங்கள்.

இன்னும் விண்டோஸ் 7, 8 வைத்திருப்பவர்கள் 25.8-ஐ இறக்க வேண்டாம், அதில் ஏறாது. உங்களுக்கு 25.2 வரைதான்.