இத்தாலியத் தேனீயா, பொந்துத் தேனீயா, கெலுலுட்டா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தேன்பெட்டி வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எதில் தேன் அதிகம் என்றுதான். சந்தேகமே இல்லை, இத்தாலியத் தேனீதான். ஜொகூரில் அக்காசியா மரங்களுக்கு நடுவே பெட்டிகளை அடுக்குபவர்களுக்கு அது சரி. அந்த மரம் இலையடியிலேயே இனிப்பு நீர் சுரக்கும். நம்மைச் சுற்றி இருப்பது செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. அதில் மகரந்தம் கிடைக்கும், தேனுக்கு வழியில்லை. சீனிப்பாகு ஊற்றித்தான் காப்பாற்ற வேண்டும்.

அப்புறம் வரோவா உண்ணி. உண்மையில் அது நம் பொந்துத் தேனீயிடமிருந்து இத்தாலியத் தேனீக்குத் தாவிய ஒட்டுண்ணி. பொந்துத் தேனீ காலங்காலமாக அதோடு பழகியது. உண்ணியைப் பிடுங்கி எறியும், பெரும்பாலும் ஆண்புழுக்களின் அறைகளில்தான் உண்ணி பெருக முடியும். குளவி வந்தால் கூட்டமாக அமுக்கி உடல்சூட்டாலேயே கொன்றுவிடும். இத்தாலியத் தேனீக்கு இந்தச் சாமர்த்தியம் குறைவு. மருந்து வைக்காவிட்டால் பெட்டி காலிதான்.

பொந்துத் தேனீயின் குறை, அதன் ரோஷம். பூ குறைந்தாலோ, பேராசையில் அடையை முழுக்க வழித்தெடுத்தாலோ கூட்டத்தோடு கிளம்பிவிடும்.

கெலுலுட் என்கிற கொடுக்கில்லாத் தேனீ அப்படி எளிதில் ஓடாது. முட்டையிடும் ராணியால் பறக்க முடியாது. கொட்டாது, அதனால் பிள்ளைகள் விளையாடும் வாசலிலும் வைக்கலாம். புளிப்புத் தேன், கொஞ்சமாகத்தான் கிடைக்கும், ஆனால் நல்ல விலை. 2017இல் அதற்கென்றே மலேசியத் தரநிர்ணயமும் வந்துவிட்டது. எனக்கு உறுத்துவது ஒன்றுதான்: காட்டில் உயிருள்ள மரத்தை வெட்டி, கூடுள்ள துண்டை மட்டும் கொண்டுவந்து விற்கிறார்கள். இது வளர்ப்பா, வேட்டையா? வளர்ப்பவரிடம் பிரித்தெடுத்த கூட்டை வாங்குங்கள்.

“செம்பனை காய்க்கத்தான் வண்டு இருக்கிறதே, தேனீ எதற்கு?” என்பார்கள். 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த வண்டு செம்பனைப் பூவைத்தான் தேடிப்போகும்; நம் கொல்லைப் பூசணியை எட்டிப் பார்க்காது. பூசணிக்கும் ரம்புத்தானுக்கும் பூ பூவாக ஏறி இறங்குவது இந்த உள்ளூர்த் தேனீக்கள்தாம். நிரைகளுக்கு நடுவே களைக்கொல்லி அடித்துப் பூச்செடிகளையும் ஒழித்துவிட்டால் அவை எங்கே போகும்?

நானாக இருந்தால் வாசலில் கெலுலுட் வைப்பேன், வேலியில் ஆயர் மாத்தா பெங்காந்தின் கொடி ஏற்றுவேன். அது ஆண்டு முழுக்கப் பூக்கும். பொந்துத் தேனீயைப் பெட்டிக்குள் அடைக்க மெனக்கெட மாட்டேன். அது கூரையில் கூடு கட்டினால் இரவோடு இரவாகத் தீ வைக்காமல், எடுத்து வேறிடத்தில் வைக்கத் தெரிந்த ஆளைக் கூப்பிடுவேன்.