புத்தகக் காட்சியா, கிண்டிலா, வாட்ஸ்அப்பா? ஒரு சிறுகதைத் தொகுப்பின் கணக்கு

போன வருடம் கைக்காசைப் போட்டு ஒரு சிறுகதைத் தொகுப்பு கொண்டுவந்தேன். 300 பிரதி, 144 பக்கம், விலை 180 ரூபாய். அச்சகத்திலிருந்து கட்டுகள் வந்து இறங்கிய அன்று, கட்டிலுக்கு அடியில் கிடந்த அரிசி மூட்டையை நகர்த்தித்தான் இடம் பிடித்தேன். இதையெல்லாம் யார் தலையில் கட்டுவது என்ற யோசனையே அப்புறம்தான் வந்தது.

முதலில் ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சி. ஒரே ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு தனி அரங்கு எடுப்பதெல்லாம் கட்டுப்படியாகாது. தெரிந்த ஒரு பதிப்பாளர் அரங்கில் 40 பிரதி கொடுத்தேன், 40 சதவீதக் கழிவு. விற்றது 17. திரும்பி வந்தது 21, அதிலும் சிலவற்றில் அட்டை மடங்கியிருந்தது. மீதி இரண்டு எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. பிரதிக்கு 108 ரூபாய் வீதம் பணம் வந்து சேர்ந்தது ஜூன் மாதம். நேரில் போய் நின்றால் நாலு எழுத்தாளர்களைப் பார்க்கலாம், அது நல்லதுதான்.

அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் 2016 டிசம்பரிலிருந்து தமிழ் உண்டு. அச்சுச் செலவு இல்லை, கடல் கடந்த வாசகருக்கு இதைவிடச் சுலபமான வழியும் இல்லை. கேடிபி என்பது நாமே மின்னூலை ஏற்றும் அமேசான் பக்கம்; அதன் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளைக்கு மின்னூலை வேறெங்கும் தரக்கூடாது. பதிலுக்கு 5 நாள் இலவசமாகத் தரலாம். நானும் தந்தேன். முந்நூற்றுச் சொச்சம் பேர் இறக்கினார்கள். எத்தனை பேர் திறந்து படித்தார்கள் என்று கேட்காதீர்கள். இலவசமாக வந்தது அலமாரியில் தூங்கும், நானே அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

நான் கடைசியில் நம்பியது வாட்ஸ்அப்பையும் தபாலையும். முன்பதிவு விலை 150, தபால் செலவு என்னுடையது, பணம் யுபிஐயில். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான் அடங்குவார்கள், அதுவும் நம் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். அதனால் ஒவ்வொருவரிடமும் "என் நம்பரை சேவ் பண்ணிக்குங்க" என்று கேட்க வேண்டியிருந்தது. கூச்சமாகத்தான் இருந்தது.

ஆனால் முகவரி கிடைக்கிறதே, அதுதான் விஷயம். அரங்கில் வாங்கிய 17 பேர் யார்? தெரியாது. கிண்டில் எனக்குக் காட்டுவது எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்ற கணக்கு, ஆள் பெயர் இல்லை. தபாலில் போன 191 பிரதிக்கும் ஒரு நீள நோட்டில் பெயர், பின்கோடு, அனுப்பிய தேதி எல்லாம் இருக்கின்றன. மூன்று வாரம் கழித்து, "புத்தகம் கசங்காமல் வந்ததா?" என்று மட்டும் கேட்பேன். படித்தீர்களா என்று கேட்டால் சங்கடப்படுவார்கள். கசங்கலைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர்களில் பாதிப்பேர் கதைக்கு வந்துவிட்டார்கள். கோவில்பட்டியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரண்டாவது கதையில் பேருந்துத் தடம் தப்பு என்று திருத்தினார். அடுத்த மாதமே ஒரு பணி நிறைவு விழாவில் கொடுக்க ஆறு பிரதி கேட்டார். வாசகரைப் பிடித்து வைத்துக்கொள்ள முடிகிற வழி இந்த மூன்றில் இது ஒன்றுதான் என்பது என் கட்சி.

தொந்தரவும் இருக்கிறது. பழுப்புத்தாள் சுற்றி, டேப் ஒட்டி, வரிசையில் நிற்க வேண்டும். 2024 டிசம்பரில் பதிவு புத்தகத் தபாலை நிறுத்தியபிறகு செலவும் ஏறிவிட்டது. 2025 மே மாதம் புத்தகங்களுக்கென்று அஞ்சல் துறை கொண்டுவந்த ஞான் போஸ்டில் 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. ஆனால் எல்லா வகை நூலும் அதில் போகாது, தபால் நிலையத்தில் விசாரித்துவிட்டு விலை வையுங்கள். தபால் செலவு சேர்த்து 150 என்று நான் அறிவித்தது அவசரம். அடுத்த முறை தனியாகத்தான் வாங்குவேன்.

ரீல்ஸ், யூடியூப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பேஸ்புக்கில் ஒருமுறை 500 ரூபாய்க்கு விளம்பரம் போட்டேன், லைக் வந்தது, அதைப் பார்த்து வாங்கினேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரே முயற்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. சமையல், ஜோதிடம் மாதிரி நூல்களுக்கு அது எடுபடலாம். 500 பிரதிக்கு மேல் போட்டவருக்கு என் நோட்டு முறை தாங்குமா என்பதும் சந்தேகம்தான்.

அன்பளிப்பு 30, ஆசிரியர் பிறகு வாங்கிய ஆறு எல்லாம் போக, கட்டிலுக்கு அடியில் இன்னும் 54 இருக்கின்றன. அரிசி மூட்டை பழைய இடத்துக்கு வந்துவிட்டது.